பெயரொத்தவர்களின் தொழில் ஆவணங்கள்: எல்லையோரத் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தில் ஒரு சித்தூர் இருக்கிறது. ஆந்திரத்தில் இன்னொரு சித்தூர் இருக்கிறது. இரண்டிலும் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் சித்தூருக்கு வரவேண்டிய ஓர் உறை, அனுப்பியவர் பின்கோடு எழுதாமல் விட்டதால் ஆந்திரம் வரை போய்விட்டு, மூன்று முத்திரைகளோடு திரும்பி வந்ததை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். 678101 என்று எழுதியிருந்தால் அது எங்களுடையது. 517001 என்றால் அவர்களுடையது. ஊர்ப் பெயர்கள் ஒன்றுபோல இருப்பதும், மொழிக்கு மொழி எழுத்து மாறுவதும் தபாலைத் திசைமாற்றுகின்றன என்பதற்காகத்தான் 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு நடைமுறைக்கு வந்தது.

ஊருக்குச் செய்த ஏற்பாட்டை நம் பெயருக்கும் நாம்தான் செய்துகொள்ள வேண்டும். இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் வேலை பார்த்தவன். ஒரு மழை நாளில் வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் தந்தையோடு வந்தார். கையில் துணிக்கடை பிளாஸ்டிக் பை. அதற்குள் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதல் நர்சிங் பதிவு வரை எல்லாம் இருந்தன. எங்களிடம் ஆறு ஆண்டு வேலை பார்த்துவிட்டு வளைகுடா வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். அங்கிருந்து சரிபார்ப்புக் கடிதம் வந்தபோது, எங்கள் அலுவலகத்திலிருந்து போன பதில்: "இப்பெயருடையவர் எட்டு மாதம் பணிபுரிந்தார்." எட்டு மாதம் பணிபுரிந்தவர் வேறு ஒருவர். அதே பெயர், அதே இனிஷியல், அதே நர்ஸ் பணி. பதில் எழுதியவர் பெயரைத் தேடினார், முதலில் வந்த கோப்பை எடுத்தார், கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தில் "பொய்யான அனுபவச் சான்றிதழ்" என்ற குறிப்பு விழுந்துவிட்டது. அதை நீக்க நான்கு மாதம் ஆயிற்று. அவருடைய தந்தை என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "சார், என் மகள் யார் என்று நான் யாரிடம் போய் நிரூபிக்க வேண்டும்?"

அந்தக் கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இது.

எல்லையில் இந்தச் சிக்கல் ஏன் இரட்டிப்பாகிறது

முருகன், செல்வி, லட்சுமி, கண்ணன் என்று பெயர் வைக்கும் எந்த ஊரிலும் பெயரொப்பு இருக்கும். கொழிஞ்சாம்பாறை, மூணாறு, பாறசாலை போன்ற கேரள-தமிழ்நாட்டு எல்லையோர இடங்களில் அதற்கு மேல் இன்னொன்றும் நடக்கிறது. ஒரே ஆளின் பெயர் பல வடிவம் எடுக்கிறது. வேறு வேறு ஆட்களின் பெயர்கள் ஒரே வடிவத்தில் வந்து நிற்கின்றன.

முருகன் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழ்நாட்டுப் பள்ளியில் நடுவே 'ஜி' போடுவார்கள். மலையாளத்தில் அந்தப் பெயரைக் ககரம் போட்டு எழுதுவதால் இங்கே பலருக்கு அந்த இடத்தில் 'கே' விழுந்துவிடுகிறது. பழனி என்பதற்குத் தமிழ்நாட்டில் 'எல்' போதும். கேரளத்தில் 'இசட்', 'எச்' இரண்டும் சேர்ந்து வரும். பொள்ளாச்சியில் பத்தாம் வகுப்பும் பாலக்காட்டில் பட்டமும் படித்த பையனுக்கு இரண்டு சான்றிதழிலும் இரண்டு பெயர். அவன் தவறு அதில் ஒன்றுமே இல்லை.

அடுத்தது இனிஷியல். தமிழ் வழக்கில் அது தந்தை பெயரின் முதலெழுத்து, பெயருக்கு முன்னால் வரும். கேரள வழக்கில் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வரும். வீட்டுப் பெயரும் அதில் சேரும். பள்ளியில் சேர்க்கும்போது "வீட்டுப் பெயர் என்ன?" என்று கேட்டு ஒரு எழுத்தைக் கூடுதலாகப் போட்டுக்கொண்ட ஆசிரியர்கள் உண்டு. பெண்களுக்குத் திருமணத்துக்குப் பிறகு தந்தையின் எழுத்துப் போய்க் கணவரின் எழுத்து வருகிறது. நர்சிங் பதிவு ஒரு எழுத்தில், ஆதார் இன்னொரு எழுத்தில். இப்படி மாறிய பெயர், அந்தப் பக்கத்தில் வேறு ஒருவரின் அசல் பெயராக இருக்கும்.

முதல் படி: எழுத்தெழுத்தாக ஒரு நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கைப்பேசியில் எழுதுவதைவிட இது நல்லது. அலுவலக ஜன்னலில் எடுத்துக் காட்ட முடியும். உங்களிடம் உள்ள ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு பக்கம். பெயரை அந்த ஆவணத்தில் இருக்கிறபடியே, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாக, புள்ளி, இடைவெளி உட்பட எழுதுங்கள். "எப்படியும் என் பெயர்தானே" என்று நினைவிலிருந்து எழுதக் கூடாது. ஆவணத்தைப் பார்த்தே எழுத வேண்டும். இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா, விரித்து எழுதப்பட்டிருக்கிறதா என்று குறியுங்கள். தந்தை பெயர், பிறந்த தேதி, ஆவண எண், கொடுத்த அமைப்பு, கொடுத்த ஆண்டு ஆகியவற்றையும் எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் வேறுபாடுகளைச் சிவப்பு மையால் அடிக்கோடிடுங்கள். நான் என் சொந்த ஆவணங்களுக்கு இதைச் செய்தபோது ஏழு ஆவணங்களில் என் பெயர் நான்கு விதமாக இருந்தது. அதுவரை எனக்கே அது தெரியாது.

பான் அட்டையைச் சற்று உற்றுப் பாருங்கள். அதிலுள்ள பத்து எழுத்தெண்களில் நான்காவது, தனி நபருக்கு 'பி' என்று இருக்கும். ஐந்தாவது எழுத்து, உங்கள் விண்ணப்பத்தில் கடைசிப் பெயராகக் கொடுத்ததன் முதலெழுத்து. பான் விண்ணப்பத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் ஆகிய இடங்களில் இனிஷியலைப் போட முடியாது. விரித்துத்தான் எழுத வேண்டும். ஆகவே எஸ். முருகன் என்பவர் தந்தை பெயரான சுப்பிரமணியனைக் கடைசிப் பெயராகக் கொடுத்திருந்தால் ஐந்தாவது எழுத்து 'எஸ்'. ஒற்றைப் பெயராக முருகன் என்று மட்டும் கொடுத்திருந்தால் 'எம்'. அன்று விண்ணப்பத்தை நிரப்பியவர் உங்கள் பெயரை எப்படிப் பிரித்தார் என்பது அந்த ஓர் எழுத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: ஒரு தாய் ஆவணம்

நான்கு விதமான பெயரில் எது உண்மை என்று யாராவது கேட்டால் ஒன்றைக் காட்ட வேண்டும். தொழில் வாழ்க்கைக்கு அது பெரும்பாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான். பட்டப்படிப்பு, தொழில் பதிவு, அரசுப் பணி எல்லாம் அதைப் பார்த்தே பெயரையும் பிறந்த தேதியையும் எடுத்துக்கொள்கின்றன. கேரளத்தில் படித்தவர்களுக்கு அது பரீட்சா பவன் வழங்கிய எஸ்.எஸ்.எல்.சி.; தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழங்கியது.

அதில் பிழை இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். மற்றவற்றை முதலில் திருத்திவிட்டு இதற்கு வந்தால் செய்த வேலை எல்லாம் வீண். பிழை இல்லையென்றால், இனி எந்த விண்ணப்பத்திலும் அந்த எழுத்துகளையே பயன்படுத்துங்கள். அழகுக்காகவோ எண் ராசிக்காகவோ ஓர் 'ஏ' கூட்டுவது, ஓர் 'எச்' சேர்ப்பது வேண்டவே வேண்டாம். எண்கணிதத்துக்காக ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டு, ஓய்வூதியக் காலத்தில் அலுவலகம் அலுவலகமாக நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: உங்கள் தொழிலின் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெயரொத்தவர்களைப் பிரிக்கும் கத்தி இந்த எண்தான். ஆனால் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள்: எண்ணை மட்டும் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டுப் பதிவேட்டில் ஒரு எண் இருந்தால் கேரளப் பதிவேட்டிலும் அதே எண் வேறு ஒருவருக்கு இருக்கலாம். கொடுத்த அமைப்பு, எண், ஆண்டு என மூன்றும் சேர்ந்தால்தான் அது நீங்கள். இந்த மூன்றையும் ஒரே வரியில் எழுதிப் பழகுங்கள்.

நர்சுகளிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லையோரத்தில் அதிகம் அலைகிறவர்கள் அவர்கள்தான். கோயம்புத்தூரில் படித்துத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர் பாலக்காட்டில் வேலைக்கு வரும்போது கேரள கவுன்சிலிலும் பதிய வேண்டும். அப்போது அவருக்குப் புது எண் கிடைக்கிறது. இப்போது ஒரே ஆளுக்கு இரண்டு மாநில எண்கள். இதற்கு மேல் நர்ஸ் பதிவுக்கு ஓர் எண்ணும், மிட்வைஃப் பதிவுக்கு ஓர் எண்ணும் தனித்தனியாக இருப்பதுண்டு. விண்ணப்பத்தில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதிவிட்டால், சரிபார்க்கிறவர் அந்த எண்ணைத் தட்டியதும் முன்பின் தெரியாத ஒருவரின் பெயர் வரும். சந்தேகம் அங்கேயே பிறந்துவிடும். நோட்டில் எல்லா எண்களையும், எது எதற்கு என்று எழுதி வையுங்கள்.

இந்திய நர்சிங் கவுன்சில், நாடு முழுவதற்குமான நேரடிப் பதிவேடு ஒன்றை வைத்திருக்கிறது. அதில் சேரும் ஒவ்வொரு நர்சுக்கும் தேசியத் தனி அடையாள எண் கிடைக்கும். மாநிலம் மாறினாலும் அந்த எண் கூடவே வரும். இன்னும் எடுக்காதவர்கள் உங்கள் மாநில கவுன்சில் வழியாக எடுத்துவிடுங்கள். என் கருத்தில், இரண்டு மாநிலத்தில் பதிவு உள்ள நர்சுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு இல்லை.

மருத்துவர்களுக்கு மாநில மருத்துவ கவுன்சிலின் பதிவு எண். மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் ரசீதிலும் அந்த எண்ணைப் போட வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிமுறை. பெயரை மட்டும் தேடினால் இந்திய மருத்துவப் பதிவேட்டில் ஒரே பெயரில் வரிசையாகப் பலர் வருவார்கள். எண்ணும் கவுன்சிலும் பதிவு ஆண்டும் கொடுத்தால் ஒருவர்தான். 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் ஆதாரோடு இணைந்த தேசிய மருத்துவப் பதிவேட்டுத் தளத்தைத் தொடங்கியது. பெயரொத்தவர் உள்ள மருத்துவர்கள் அதில் தங்கள் விவரத்தைச் சேர்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

வழக்கறிஞர்களுக்கு இந்த விஷயம் தெளிவாகவே இருக்கிறது. கேரளத்தில் பதிந்தவரின் எண் 'கே' என்று தொடங்கும். தமிழ்நாட்டில் 'எம்எஸ்', மதராஸ் என்ற பழைய பெயரின் நினைவு அது. நடுவில் வரிசை எண், கடைசியில் ஆண்டு. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு மாநிலப் பட்டியலில்தான் இருக்க முடியும். ஆகவே 'கே' எண்ணோடு ஒருவரும் 'எம்எஸ்' எண்ணோடு ஒருவரும் ஒரே பெயரில் இருந்தால் அவர்கள் இரண்டு ஆட்கள், அல்லது ஒருவர் பதிவை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த மாற்ற உத்தரவைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

பட்டயக் கணக்காளரின் கையெழுத்துப் போட்ட சான்றிதழில் 18 எழுத்தெண் கொண்ட ஒரு தனிக்குறி இருக்கும். சான்றிதழ்களுக்கு 2019 பிப்ரவரி முதல் அது கட்டாயம். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு. அடுத்த ஆறு அவருடைய உறுப்பினர் எண். ஒரே பெயரில் இரண்டு கணக்காளர்கள் இருந்தாலும் எந்தக் கையெழுத்து யாருடையது என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. மற்ற தொழில்களும் இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தால் எத்தனையோ பேரின் கண்ணீர் மிச்சமாகும்.

கேரள அரசுப் பள்ளிகளில் தமிழ் வழி ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஸ்பார்க் என்ற அரசு ஊழியர் விவர மென்பொருளில் நிரந்தர ஊழியர் எண் இருக்கும். சம்பளம், இடமாற்றம், விடுப்பு எல்லாம் அதன் மேல்தான் ஏறுகிறது. கம்பெனி இயக்குநராக இருப்பவர்களுக்கு எட்டு இலக்க இயக்குநர் அடையாள எண். ஒருவருக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாவது எடுப்பது சட்டப்படி தவறு.

எந்தத் தொழில் கவுன்சிலும் இல்லாத தனியார் ஊழியருக்கு வருங்கால வைப்பு நிதியின் 12 இலக்க யுஏஎன் இருக்கிறது. 2014இல் வந்தது. அதில் பணி வரலாறு என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்று வரிசையாக இருக்கும். எட்டு மாதக்காரருக்கும் ஆறு ஆண்டுக்காரருக்கும் இடையே மலைபோல வேறுபாடு காட்டும் பக்கம் அது. மேலே நான் சொன்ன பெண்ணைக் கடைசியில் காப்பாற்றியதும் அந்தப் பக்கத்தின் அச்சுப் பிரதிதான்.

கல்லூரி ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் ஆர்க்கிட் எனப்படும் 16 இலக்க எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். 2012 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குக் கடைசிப் பெயர் வேண்டும். எஸ். முருகனை ஒரு இதழ் "முருகன், எஸ்." என்று எடுக்கும்; இன்னொன்று "சுப்பிரமணியன், எம்." என்று எடுக்கும். இரண்டாவது, வேறு எங்கோ வேதியியல் எழுதும் ஒரு சுப்பிரமணியனோடு போய்ச் சேரும். கூகுள் ஸ்காலரில் கணக்கு வைத்திருந்தால், கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்திவிட்டு, உங்களைக் கேட்டபின் சேர்க்கும்படி மாற்றுங்கள். அடுத்தவரின் கட்டுரை நம் கணக்கில் கிடப்பதை நாம் கவனிக்காவிட்டாலும் பதவி உயர்வுக் குழுவில் ஒருவர் கவனிப்பார்.

நான்காம் படி: உங்களை நீங்களே தேடிப் பாருங்கள்

உங்கள் பதிவேட்டில் முதலில் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். பிறகு பெயரை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். அப்போது வரும் மற்றவர்களின் பதிவு எண்ணையும் ஆண்டையும் உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். யாரோடு நீங்கள் குழப்பிக்கொள்ளப்படுவீர்கள் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

நீதிமன்ற வழக்குகளைத் தேடும் இ-கோர்ட்ஸ் தளத்திலும் ஒரு முறை பாருங்கள், ஏனென்றால் வேலை தருகிறவர்களும் பார்க்கிறார்கள். அங்கே கட்சிக்காரர் பெயரை வைத்துத் தேடினால், உங்கள் பெயரில் யாரோ ஒருவரின் காசோலை வழக்கோ விபத்து வழக்கோ வரலாம். பதற வேண்டாம். ஒவ்வொரு வழக்குக்கும் சிஎன்ஆர் என்ற 16 எழுத்தெண் கொண்ட எண் உண்டு. அதைக் குறித்துக்கொண்டு, எதிர்மனுதாரரின் தந்தை பெயர், வயது, முகவரி உள்ள பக்கத்தின் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "இந்த வழக்கில் உள்ளவர் நான் அல்ல" என்று நோட்டரி முன் எழுதும் உறுதிமொழிப் பத்திரத்தில் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். எண் இல்லாத மறுப்பு வெறும் வாய்வார்த்தையாகவே நிற்கும்.

ஐந்தாம் படி: உங்கள் பல பெயர்களை ஒன்றாகக் கட்டுங்கள்

கேரளத்தில் இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. எல்லோரும் "ஒன் அண்ட் சேம் சர்ட்டிபிகேட்" என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு ஆவணங்களில் வெவ்வேறாக உள்ள இரண்டு பெயர்களும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று வருவாய்த் துறை கொடுக்கும் சான்றிதழ் அது. அக்ஷயா என்ற அரசு இணையச் சேவை மையத்துக்குப் போய் இ-டிஸ்ட்ரிக்ட் தளம் வழியாக விண்ணப்பித்தால் வில்லேஜ் அலுவலகத்துக்குப் போகும். இரண்டு வடிவங்களையும் விண்ணப்பத்தில் நோட்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். மூன்று வடிவம் இருந்தால் மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில் கேளுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அந்தச் சான்றிதழிலேயே பிழை விழுந்து ஐந்தாவது பெயர் முளைத்த கதையும் உண்டு.

மொழி தெரியாததால் விண்ணப்பத்தை வேறு யாரோ நிரப்பித் தருவதுதான் பல பிழைகளுக்கு மூலம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுத உரிமை தருகிறது. பதிலும் அந்த மொழியில் வர வேண்டும். இந்த உரிமையைக் கேட்டு வாங்குங்கள். தமிழில் உங்கள் கையால் எழுதும் பெயரில் பிழை வராது.

அரசிதழில் பெயர் மாற்றம் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். பெயரையே மாற்ற விரும்புகிறவர்களுக்கும், விரித்த இனிஷியலை இனி எல்லா இடத்திலும் போட நினைப்பவர்களுக்கும் அது சரி. ஓர் எழுத்து வேறுபாட்டுக்காக அரசிதழுக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய சான்றிதழ்கள் பழைய பெயரில்தான் இருக்கும். அரசிதழ் நகலையும் வாழ்நாள் முழுவதும் சுமக்க வேண்டியிருக்கும்.

வளைகுடா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டு ஒற்றைச் சொல்லாகப் பெயர் வைத்திருப்பது நம்மவர் வழக்கம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், சுற்றுலா, வருகை விசாக்களில் அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டை ஏற்க முடியாது என்று அறிவித்தது. தந்தை பெயரை விரித்துச் சேர்ப்பதாக இருந்தால், தொழில் கவுன்சில் பதிவிலும் அதே வரிசையில் சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகு வேலைக்கு விண்ணப்பியுங்கள்.

ஆறாம் படி: அனுபவச் சான்றிதழைக் கேட்டு வாங்கும் முறை

"இவர் எங்களிடம் நன்றாகப் பணியாற்றினார்" என்ற ஒற்றை வரிச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வராதீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயர், தந்தை பெயர், ஊழியர் குறியீட்டு எண், கவுன்சில் பெயரோடு பதிவு எண், பதவி, பிரிவு, சேர்ந்த தேதி, விலகிய தேதி, கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும், கடித எண், நாள் ஆகிய அத்தனையும் அதில் இருக்க வேண்டும். ஆதார் எண்ணை அதில் எழுதச் சொல்லாதீர்கள். யாராவது கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள்.

விலகும் நாளிலேயே இதை வாங்கிவிட வேண்டும். ஐந்து ஆண்டு கழித்துப் போனால் கோப்பு கிடங்குக்குப் போயிருக்கும். உங்களை முகம் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள்.

ஏழாம் படி: ஆள் மாறிவிட்டால்

தவறு நடந்துவிட்டது என்று தெரிந்த அன்றே எழுத்தில் எழுதுங்கள். தொலைபேசியில் சொல்வது தகவல்; எழுதிக் கொடுப்பது ஆவணம். கோபம் நியாயமானதாக இருந்தாலும் கடிதத்தில் வேண்டாம். "ஆள்மாறாட்டம்" என்ற சொல்லை நீங்களாக எழுதாதீர்கள். அது குற்றத்தைக் குறிக்கும் சொல், எழுதினால் விசாரணை வேறு திசையில் போகும். "பெயர் ஒற்றுமையால் நேர்ந்த பதிவுப் பிழை" என்று எழுதுங்கள். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, தங்கள் இன்ன எண், இன்ன நாளிட்ட கடிதத்தில் என் பணிக்காலம் எட்டு மாதம் என்று குறிப்பிடப்பட்டுள்ளது. அது என் பெயரையே கொண்ட வேறு ஊழியரின் விவரம். என் ஊழியர் எண் இது; கவுன்சில் பதிவு எண் இது; நான் பணியில் சேர்ந்த நாளும் விலகிய நாளும் இவை. ஆதாரமாகப் பணி நியமன ஆணை, வருங்கால வைப்பு நிதிப் பணி வரலாறு ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். இரு பதிவுகளையும் ஒப்பிட்டு, திருத்திய பதிலை இன்னாருக்கு அனுப்பி, அதன் நகலை எனக்கும் தருமாறு வேண்டுகிறேன்."

கடைசி வரி மிக முக்கியம். அலுவலகம் தன் கோப்பைத் திருத்திக்கொண்டு, பிழையான பதிலைப் பெற்ற இடத்துக்குச் சொல்லாமல் விட்டுவிடும். பிழை எங்கே போய்ச் சேர்ந்ததோ, திருத்தமும் அங்கே போய்ச் சேர வேண்டும். கடிதத்தை ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள்.

அரசு அலுவலகமோ கவுன்சிலோ பதில் தராவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உங்கள் சொந்தக் கோப்பின் நகலைக் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம். 30 நாளில் பதில் வர வேண்டும். பெயரொத்தவரின் கோப்பைக் கேட்காதீர்கள். அது அவருடைய தனிப்பட்ட தகவல், கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது.

சரிபார்க்கும் மேசையில் இருப்பவர்களுக்கு

என் சக ஊழியர்களுக்கு இதைக் கைகூப்பிச் சொல்கிறேன். பெயரை மட்டும் தேடி எந்தக் கடிதத்துக்கும் பதில் எழுதாதீர்கள். பதிவு எண், பிறந்த தேதி, பணியில் சேர்ந்த ஆண்டு ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் கோப்பை உறுதி செய்யக் கூடாது. கேட்டவர் பெயரை மட்டும் கொடுத்திருந்தால், "இப்பெயரில் எங்களிடம் ஒன்றுக்கு மேற்பட்டவர் பணிபுரிந்துள்ளனர், பதிவு எண் தெரிவிக்கவும்" என்று திருப்பி எழுதுங்கள். எழுத இரண்டு நிமிடம் ஆகும். ஒரே பெயருள்ள கோப்புகளின் மேலட்டையில் சிவப்பு மையால் "இப்பெயரில் இன்னொருவர் உண்டு" என்று குறித்து, மற்றவரின் ஊழியர் எண்ணையும் எழுதிவிடுங்கள். அந்த நான்கு மாதத்துக்குப் பிறகு எங்கள் பிரிவில் அப்படித்தான் செய்தோம். அலமாரியை முழுக்க இறக்கிப் பார்த்தபோது அப்படிக் குறிக்க வேண்டிய ஜோடிகள் நாங்கள் நினைத்ததைவிட அதிகமாகவே கிடைத்தன.

கடைசியாக, பெயரொத்தவரைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதை யாரும் எந்த விதியிலும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மிகவும் பயன்பட்ட வழி இது. ஒரே நிறுவனத்திலோ ஒரே தாலூகாவிலோ அதே தொழிலில் உங்கள் பெயரில் இன்னொருவர் இருந்தால் அவரைப் பார்த்துப் பேசுங்கள். அவருக்கும் இதே சிக்கல்தான். அவருடைய கடிதம் உங்களுக்கு வந்திருக்கும். உங்களுடையது அவருக்குப் போயிருக்கும்.

வேலந்தாவளம் பெண்ணும் அந்த எட்டு மாதக்காரரும் எங்கள் அலுவலக வராந்தாவில்தான் முதன்முதலாகச் சந்தித்தார்கள். இளையவர் மூத்தவரை "அக்கா" என்றார். இருவரும் கைப்பேசி எண்களை மாற்றிக்கொண்டு, கவுன்சில் எண்களைத் தங்கள் தங்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மறு ஆண்டு, மூத்தவருக்கான பதிவுப் புதுப்பிப்பு அறிவிப்பு இளையவரின் முகவரிக்கு வந்தது. அவர் உறையைப் பிரிக்கவில்லை. அன்று மாலையே கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் ஏறி அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.